ஆஸ்திரேலியாவோட காலனி காலத்துக் கவிதைகள்: எங்க ஆரம்பிக்கிறது, எப்படிப் படிக்கிறது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், தேதி வரிசையில படிக்காதீங்க. ஆஸ்திரேலியாவோட ஆரம்பகாலக் கவிதைன்னு ஒரு தொகுப்பை எடுத்தா முதல் பக்கங்கள்ல ராஜா பிறந்தநாள் ராணி பிறந்தநாள்னு வாழ்த்துப் பாட்டா வரும். அதை எழுதினவர் மைக்கேல் மாஸி ராபின்சன், 1798ல கைதியா கப்பல்ல சிட்னி வந்தவர், கவர்னர் மக்வாரி காலத்துல வருஷா வருஷம் இவர் எழுதுற வாழ்த்து சிட்னி கெஸட்ல அச்சாகும், அதுக்குச் சன்மானமா அரசாங்க மந்தையில இருந்து ரெண்டு பசு கொடுத்தாங்க. வரலாறா பார்த்தா சுவாரஸ்யம்தான், ஆனா இதுல ஆரம்பிச்சவங்க நிறைய பேர் இருபதாவது பக்கத்துல புக்கை மூடி வச்சுட்டு அந்தப் பக்கமே திரும்பல, அது எனக்குப் பெரிய வருத்தம். ஏன்னா கொஞ்சம் தள்ளிப் போனா அருமையான கவிதைகள் இருக்கு.

இங்கிலீஷ்ல கதை கட்டுரை படிப்போம், கவிதைன்னா கொஞ்சம் தயக்கம், அதுலயும் 180 வருஷம் பழசுன்னா இன்னும் தயக்கம்னு இருக்கிறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். வீட்டுக்கு வந்து ஒருத்தர் கேட்டா எந்த வரிசையில எடுத்துக் கொடுப்பேனோ அதே வரிசை. படிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இந்தக் கவிதைகள்ல மரம் மலை ஓடை எதுவும் சும்மா அழகுக்காக நிக்கல. இந்த மண்ணு யாரோடது, இங்க வந்து நாம என்ன பண்ணிட்டு இருக்கோம்ங்கற கேள்வி வர்ணனைக்கு அடியில ஓடிட்டே இருக்கு, சில பேர் அதை நேருக்கு நேர் பார்த்தாங்க, சில பேர் கண்ணைத் திருப்பிக்கிட்டாங்க. யார் எங்க கண்ணைத் திருப்பினாங்கன்னு கவனிக்கிறதுதான் படிக்கிறதுல பாதி வேலை.

படி 1: காலண்டரையும் மரத்தையும் சரி பண்ணிக்கோங்க

பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ் கவிதையில ஏப்ரல்னா வசந்தம், டிசம்பர்னா பனி. இங்க எல்லாம் தலைகீழ், ஜனவரியில வெயில் கொளுத்தும், ஜூலையில குளிரும், வசந்தம் வர்றது செப்டம்பர்ல. இதை மறந்துட்டுப் படிச்சா ஒரு வரியும் ஒட்டாது.

அடுத்து மரம். கம் மரம்னு அவங்க சொல்றது யூகலிப்டஸ், நம்ம தைல மரம், ஊட்டிப் பக்கம் கற்பூர மரம்னு சொல்வாங்க. 19ஆம் நூற்றாண்டு நடுவுல நீலகிரியில கொண்டுவந்து நட்டது ஆஸ்திரேலியா மரம்தான், அதனால ஊட்டி குன்னூர் போனவங்களுக்கு அந்த வாசனை, பட்டை உரிஞ்சு நாரா தொங்குற தண்டு, இலையெல்லாம் கீழ்நோக்கித் தொங்குறதால சல்லடையா விழுற நிழல், இதெல்லாம் ஏற்கனவே தெரியும். அந்த ஞாபகத்தை எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க, ரொம்ப உதவும். இந்த மரம் குளிர்காலத்துல மொட்டையாகாது, வருஷம் பூரா இலை இருக்கும், உரிச்சுப் போடுறது பட்டையைத்தான். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ஐரோப்பாக் கவிஞனுக்கு இலை பழுத்து விழுறதுதான் முதுமை, மொட்டை மரம்தான் சாவு, துளிர்தான் மறுபிறப்பு, அவன் பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து கையில வச்சிருந்த உவமை எல்லாம் சிட்னி துறைமுகத்துல இறங்கின உடனே செல்லாக்காசாப் போச்சு.

சங்கப்பாட்டு படிச்சவங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்கை, குறிஞ்சி பாலைன்னு பெட்டி போட்டு இதை அடுக்கப் பார்க்காதீங்க, எனக்கும் முதல்ல கை அங்கதான் போச்சு. நம்ம பாட்டுல எந்த நிலத்துக்கு எந்த உணர்ச்சின்னு கேக்கறவனுக்கும் பாடறவனுக்கும் ஏற்கனவே ஒரு ஒப்பந்தம் இருக்கு. இவங்க கையில இருந்த ஒப்பந்தம் வேற நாட்டு நிலத்துக்குப் போட்டது, புதுசா ஒண்ணு இவங்க கண்ணு முன்னாடிதான் உருவாகணும், அந்தத் தடுமாற்றம்தான் இந்தக் கவிதைகளோட ருசி.

படி 2: ஏமாத்துற வார்த்தைகளைத் தெரிஞ்சுக்கோங்க

டிக்ஷனரி பார்த்தாலும் சிக்க வைக்கிற சில வார்த்தைகள் இருக்கு. புஷ்னா செடி கிடையாது, ஊருக்கு வெளியில இருக்குற காடு, மேடு, வெட்டவெளி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. கிரீக்னா ஓடை, மழை இல்லாத காலத்துல வெறும் மணலா கூட கிடக்கும். லோகஸ்ட்னு வந்தா வெட்டுக்கிளின்னு நினைக்காதீங்க, அங்க குடியேறினவங்க சில்வண்டைத்தான் லோகஸ்ட்னு சொன்னாங்க, இது தெரியலன்னா அடுத்த படியில வர்ற கவிதையில ஒரு நல்ல இடம் கைநழுவிப் போயிடும். ஸ்குவாட்டர்னா குடிசை போட்டவர் இல்ல, ஆயிரக்கணக்குல ஆடு மாடு வச்சு பெரிய பெரிய மேய்ச்சல் நிலத்தைப் பிடிச்சு வச்சிருந்த ஆளு, பணக்காரர்.

எல்லாத்தையும் விட குழப்பமானது நேட்டிவ். 1820கள்ல இந்த வார்த்தை பல இடத்துல காலனியிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் குறிக்கும், கரன்ஸி லேட்ஸ்னும் அவங்களைச் சொல்வாங்க. 1826ல சார்ல்ஸ் டாம்ப்சன்னு ஒரு இளைஞர் ‘வைல்ட் நோட்ஸ்’னு ஒரு புக் போட்டார், அந்த மண்ணுல பிறந்த ஒருத்தர் அங்கேயே வெளியிட்ட முதல் கவிதை நூல் அதுதான், அட்டையில தன்னை நேட்டிவ் மின்ஸ்ட்ரல்னு போட்டுக்கிட்டார், ஆளு வெள்ளைக்காரர். ஆயிரக்கணக்கான தலைமுறையா அங்கேயே வாழ்ந்த ஆதிவாசி மக்களுக்கும் அதே வார்த்தைதான் ஓடிச்சு. ஒரே வார்த்தையை ரெண்டு பேருக்கும் வச்சாங்கங்கறதுலயே எவ்வளவு கதை இருக்கு பாருங்க, யாரு இந்த மண்ணோட பிள்ளைங்கற சண்டை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கு.

படி 3: ஒரு கோடை நண்பகல்

இப்ப முதல் கவிதை. சார்ல்ஸ் ஹார்ப்பர் எழுதின ‘எ மிட்-சம்மர் நூன் இன் தி ஆஸ்திரேலியன் ஃபாரஸ்ட்’, சுமாரா நாற்பது வரி, எல்லாம் குட்டி வரி, ரெண்டு ரெண்டு வரியா கடைசியில ஒலி சேரும். கதவைச் சாத்திட்டு சத்தமா ரெண்டு தடவை வாசிங்க, முதல் தடவை அர்த்தம் பார்க்காதீங்க.

கவிதையில நடக்கிறது ஒண்ணுமே இல்ல, உச்சி வெயில், காடு, எங்க பார்த்தாலும் அமைதி. பறவையும் பூச்சியும் குளிர்ச்சியான நிழலைத் தேடிப் போயிடுச்சு, ஓயாம ஓடுற எறும்பு கூட தன் சரளைக்கல் புத்துக்குள்ள படுத்துடுச்சு, சில்வண்டு மரப்பட்டையில ஒட்டிக்கிட்டு வாயை மூடிக்கிச்சு. அந்த லோகஸ்ட் இதுதான். சில்வண்டு கத்துற காட்டுல நின்னவங்களுக்குத் தெரியும், காது அடைக்கிற அந்தச் சத்தம் திடீர்னு நின்னா எப்படி இருக்கும்னு. அமைதியைச் சொல்றதுக்கு அவர் சத்தத்தை நிறுத்திக் காட்டுறார்.

அப்புறம் ஒரு குட்டைப் பக்கம் இருந்து மெதுவா ஒரு ரீங்காரம் வருது, ஒரு பெரிய குளவி. இங்க கொஞ்சம் நின்னு பாருங்க. பழுப்பு உடம்புல மஞ்சள் புள்ளி, அந்தப் புள்ளி சதுரமும் இல்ல வட்டமும் இல்ல, கோணல்மாணலா இதய வடிவம், அவசரத்துல அரக்கு முத்திரையை அழுத்தினா கலங்கலா ஒரு அச்சு விழுமே அது மாதிரி, அது மேல தங்க மாவு தூவின மாதிரின்னு எழுதுறார். ஒரு பூச்சியோட உடம்புல இருக்குற ஒரு புள்ளிக்கு ஆறு வரி! ஹார்ப்பர் இளவயசுல சிட்னி தபால் ஆபீஸ்ல கிளார்க்கா வேலை பார்த்தவர், தினமும் அரக்கு முத்திரையோடதான் பொழுது போயிருக்கும், அந்தக் கலங்கல் அச்சு அங்க இருந்துதான் வந்திருக்கணும்னு எனக்கு தோணுது. இங்கிலாந்துக் கவிதையில இருந்து இந்தப் புள்ளியை யாரும் எடுத்துட்டு வர முடியாது, குனிஞ்சு பார்த்தவனுக்குத்தான் கிடைக்கும்.

அதுக்கு அப்புறம் ஒரு வண்டு வெயில்ல மேல மேல பறக்குது, அதோட சிறகு மூடி தீப்பிடிச்ச மாதிரி மின்னுது, ஒரு சின்ன ஓடை மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கு, கடைசியில புல்லு மேல ஒரு குளிர்ச்சியான மறைவுல படுத்துக்கிட்டு அமைதியைப் பத்தி யோசிக்கிறதோட முடியுது. ஒரு நோட்டுல மூணு விஷயம் எழுதி வைங்க, எதெல்லாம் பக்கத்துல தெரிஞ்சுது, எதெல்லாம் தூரத்துல தெரிஞ்சுது, யாரு இல்லவே இல்ல. மூணாவது கேள்விக்கு இப்போதைக்கு பதில் வேண்டாம், இடம் விட்டு வைங்க.

படி 4: எழுதின ஆளைத் தெரிஞ்சுக்கோங்க

1813ல ஹாக்ஸ்பரி ஆத்தோரம் விண்ட்ஸர்ல பிறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேருமே தண்டனைக் கைதிகளா கப்பல்ல அனுப்பப்பட்டவங்க, அப்பா பின்னாடி வாத்தியார் ஆனார். ஹார்ப்பர் தபால் ஆபீஸ் வேலை, ஹண்டர் பள்ளத்தாக்குல விவசாயம், பள்ளிக்கூட வேலைன்னு அலைஞ்சு 1859ல அராலூயன்ங்கற ஊர்ல தங்கச் சுரங்கப் பகுதிக்கு அரசு கமிஷனர் ஆனார், 1866ல அந்தப் பதவி போச்சு, அடுத்த வருஷம் அவரோட மகன் துப்பாக்கி வெடிச்ச விபத்துல செத்துப் போனான், 1868 ஜூன் 10ல காசநோயில இவரும் போயிட்டார். காலனிக்குன்னு ஒரு பெரிய கவிஞன் வேணும், அது நான்தான்னு வாழ்நாள் பூரா நம்பினவர், அவர் காலம் அதை ஏத்துக்கல. கைதிகளோட பிள்ளைங்கறதால அதிகாரம், நிலம், நியாயம் மூணையும் கீழ இருந்து பார்த்த கண்ணு அவரோடது, அதை மனசுல வச்சுப் படிங்க.

படி 5: இப்ப பின்னாடி போங்க, 1819க்கு

ஹார்ப்பரோட குளவியைப் பார்த்த பிறகுதான் பாரன் ஃபீல்டைப் படிக்கணும், முதல்ல படிச்சா அவரோட கண்ணு நமக்கு ஒட்டிக்கும். ஃபீல்ட் 1817ல சிட்னிக்கு வந்த சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். 1819ல ‘ஃபர்ஸ்ட் ஃப்ரூட்ஸ் ஆஃப் ஆஸ்திரேலியன் பொயட்ரி’ன்னு ரெண்டே ரெண்டு கவிதையோட ஒரு சின்ன நூல் போட்டார், ஆஸ்திரேலியாவுல அச்சான முதல் கவிதை நூல்னு அதைச் சொல்வாங்க.

அதுல கங்காரு பத்தின கவிதையைப் படிங்க. இந்த அஞ்சாவது கண்டம் ஆதியில கடவுள் திட்டம் போட்டுப் படைச்சதே கிடையாது, பிரசவத்துக்கு அப்புறம் விழுற நஞ்சு மாதிரி பின்னாடி வந்தது, மனுஷன் முதல் பாவம் பண்ணி மண்ணு சபிக்கப்பட்டப்போ முளைச்சது, அதனாலதான் இந்தக் காடு இப்படி வறண்டு கிடக்குங்கறார். கங்காரு ஒண்ணு இருக்கறதாலதான் இந்த நாடு முழுத் தோல்வி ஆகாம தப்பிச்சுதாம். ஆஸ்திரேலியாங்கற பேருக்கு அவர் கொடுத்த எதுகையே தோல்விங்கற அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தைதான். நிலவர்ணனை எப்படி நேரா பாவ புண்ணியக் கணக்கா மாறுதுன்னு பார்த்தீங்களா? தன் ஊர் மாதிரி இல்லாத நிலத்தை அவரால அழகா இல்லன்னு மட்டும் சொல்லி விட முடியல, அதுக்கு ஒரு குத்தமும் சுமத்த வேண்டியிருக்கு. இலை உதிராத மரத்தைப் பத்தியும் பின்னாடி உரைநடையில இதே மாதிரி புலம்பினார், பருவம் மாறாத மரத்துல கவிதைக்கு என்ன இருக்குங்கற தொனியில.

இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். அதே ஃபீல்ட் ஜட்ஜா கவர்னரோட ஒரு தகராறு கிளப்பினார், பார்லிமெண்ட் அனுமதி இல்லாம கவர்னர் இங்க வரி போட முடியுமான்னு. லண்டன்ல இருந்த அரசு வழக்கறிஞர்கள் 1819ல ஒரு கருத்து எழுதி அனுப்பினாங்க, இந்த நிலம் போர்ல ஜெயிச்சது கிடையாது, பாழா ஆளில்லாம கிடந்தப்போ எடுத்துக்கிட்டதுன்னு. கவிதையும் 1819, சட்டக் கருத்தும் 1819. ஒண்ணு இது படைப்போட மிச்சம்னு சொல்லுது, இன்னொண்ணு இங்க யாரும் இல்லன்னு சொல்லுது. ஆளில்லாத நிலம்ங்கற அந்த வாதத்தை ஆஸ்திரேலியாவோட உச்ச நீதிமன்றம் மாபோ வழக்குல தூக்கி எறிஞ்சது 1992ல, அதாவது 173 வருஷம் கழிச்சு. கவிதையில வர்ற வெறுமையான காடுங்கற வர்ணனையை சும்மா வர்ணனைதானேன்னு விட்டுட முடியாதுன்னு நான் அடம் பிடிக்கிறது இதனாலதான்.

நடுவுல இருக்குற சிலதை வேகமா தாண்டிடலாம். வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த் 1823ல கேம்பிரிட்ஜ் போட்டிக்கு எழுதி ரெண்டாவது இடம் வாங்கின ‘ஆஸ்திரலேசியா’ ஒரே முழக்கம், புது பிரிட்டன் பிறக்கும்னு முடியும், ஒரு தடவை கண்ணோட்டினா போதும். இவர் 1813ல ப்ளூ மவுண்டன்ஸ் மலையைத் தாண்டின மூணு வெள்ளைக்காரர்கள்ல ஒருத்தர். ஃபிடிலியா ஹில் 1840ல புக் போட்டாங்க, அங்க கவிதை நூல் வெளியிட்ட முதல் பெண், அடிலெய்ட் ஊரு முளைக்கறதுக்கு முந்தி டென்ட்ல வாழ்ந்த நாட்களைப் பத்தின கவிதை மட்டுமாவது படிங்க. ஃபிராங்க் தி பொயட்னு பேர் வாங்கின அயர்லாந்துக் கைதி ஃபிரான்சிஸ் மக்னமாராவை மட்டும் தாண்டிடாதீங்க. 1839ல அவர் கட்டின ‘எ கன்விக்ட்ஸ் டூர் டு ஹெல்’ல ஒரு கைதி செத்து நரகத்துக்குப் போறான், அங்க பார்த்தா அவனை வதைச்ச அதிகாரிங்க எல்லாம் வெந்துட்டு இருக்காங்க, ஏழைக் கைதிக்கு இங்க இடம் இல்ல சொர்க்கத்துக்குப் போன்னு சாத்தானே அனுப்பி வைக்கிறான். ஜட்ஜ் சொன்ன பாவக்கணக்குக்குப் பக்கத்துல கைதி போட்ட இந்தக் கணக்கையும் வச்சுப் பாருங்க.

படி 6: நாலு சமாதி

இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்கி வைங்க. ஹார்ப்பரோட ‘தி க்ரீக் ஆஃப் தி ஃபோர் க்ரேவ்ஸ்’, முதல்ல 1845ல வந்தது, நானூறு வரிக்குப் பக்கம் போகும், எதுகை இல்லாம ஓடுற நீள வரி. மூச்சு வாங்கும், பரவாயில்ல, மூணு பாகமா பிரிச்சுப் படிங்க.

எக்ரிமான்ட்னு ஒரு குடியேறி, புது மேய்ச்சல் நிலம் தேடி நாலு ஆளோட உள்நாட்டுக்குப் போறான். சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்குறதை ஹார்ப்பர் நிறுத்தி நிதானமா எழுதுறார், அந்த இடத்தை ஓட்டிடாதீங்க. நெருப்பு மூட்டி சாப்பிட்டுப் பேசிட்டு நாலு பேரும் தூங்குறாங்க, எக்ரிமான்ட் மட்டும் முழிச்சிருக்கான். ராத்திரி ஆதிவாசிகள் தாக்குறாங்க, நாலு பேரும் சாகுறாங்க, அவன் ஓடி ஓடைக்கரையில ஒளிஞ்சு உயிர் தப்பிக்கிறான்.

இதுல எனக்கு மறக்கவே முடியாத ஒரு இடம் இருக்கு. நிலா வெளிச்சத்துல பிரபஞ்சமே சுருண்டு படுத்து ஓய்வெடுக்கிற மாதிரி எல்லாம் சாந்தமா இருக்கு, ஒரே ஒரு மங்கலான மேகம் மட்டும் பெரிய சிலந்தி மாதிரி கால்களைப் பரப்பிக்கிட்டு வானத்துல ஊர்ந்து போகுது. அமைதிக்கு நடுவுல அந்த ஒரு சிலந்தி. அதைத் தொட்டு வர்ற வரிகள்தான் கவிதையோட நெஞ்சு, மனுஷன் அறிவாளியோ தப்பு பண்றவனோ, காட்டுமிராண்டியோ நாகரிகக்காரனோ, இந்த அழகான பூமியை அநியாயத்தாலயும் கொள்ளையாலயும் அகால மரணத்தாலயும் நரகமாக்கிட்டான்னு எழுதுறார். நிலாவும் நட்சத்திரமும் மனுஷனோட வெறியைக் கண்டுக்கவே இல்ல, தன் பாட்டுக்கு அன்பு மாறாம போய்க்கிட்டே இருக்கு.

இப்ப நீங்க ரெண்டு பக்கமும் பார்க்கணும். தாக்க வர்றவங்களை வர்ணிக்கிற இடத்துல ஹார்ப்பர் பேய், காட்டுமிராண்டிங்கற பாஷையைத்தான் எடுக்கிறார், அதைப் படிக்க கஷ்டமா இருக்கும், அந்தக் காலம் அப்படின்னு சொல்லி மழுப்பிடக் கூடாதுன்னு நினைக்கிறேன். அவங்க ஏன் தாக்கினாங்க, புது மேய்ச்சல் நிலம்னா அது யாரோட வேட்டை நிலம், இதைக் கவிதை முன்னுக்குக் கொண்டு வரல. அதே கவிதைதான் நாகரிகக்காரனையும் விடாம குற்றக்கூண்டுல ஏத்துது, கொள்ளைங்கற வார்த்தையையும் போடுது. நிலத்தைத் தேடி வந்த ஒருத்தனோட கதையில கொள்ளைங்கற சொல்லு எப்படி வந்து விழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கடைசியில நாலு நீளமான புல்மேடு, அது மேல காத்து உதிர்த்த இலையும் சுள்ளியும், பழைய மரங்கள் எத்தனையோ யுகத்துக்குப் பாடின அதே ஒப்பாரியைப் பாடுதுங்க. சமாதி இருக்கிறது குடியேறிகளுக்கு. அந்த மரம் இதுக்கு முன்னாடி யாருக்காக ஒப்பாரி வச்சுது? உங்க நோட்டுல விட்டு வச்ச இடத்துக்குப் பக்கத்துல இந்தக் கேள்வியையும் எழுதுங்க.

படி 7: ஒரு தாயோட தாலாட்டு

அடுத்து எலைசா ஹாமில்டன் டன்லப். அயர்லாந்துல பிறந்து 1838 ஆரம்பத்துல சிட்னி வந்து சேர்ந்தாங்க. அந்த வருஷம் ஜூன் 10ந்தேதி மையால் கிரீக்ங்கற இடத்துல குதிரையில வந்த வெள்ளைக்காரக் கூட்டம் விராயராய் மக்கள் குறைஞ்சது 28 பேரை வெட்டிக் கொன்னுச்சு, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. நவம்பர்ல 11 பேர் மேல வழக்கு நடந்து எல்லாரும் விடுதலை, மறுபடி ஏழு பேர் மேல வழக்கு போட்டு குற்றம் உறுதியாகி டிசம்பர் 18ல தூக்கு. தூக்குல போட்டதை எதிர்த்து காலனியில பெரிய கொந்தளிப்பு.

அந்தத் தூக்குக்கு அஞ்சு நாள் முன்னாடி, டிசம்பர் 13ல, தி ஆஸ்திரேலியன் பத்திரிகையில டன்லப்போட ‘தி அபாரிஜினல் மதர்’ வந்துச்சு. படுகொலையில தப்பிச்ச ஒரு தாய் ராத்திரியில கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடுறா, அழாதே கண்ணே, உன் அழுகைச் சத்தம் அந்த வெளுத்த முகத்துக்காரங்க காதுல விழுந்துடும்னு கெஞ்சுறா. தாலாட்டோட வேலை குழந்தையைத் தூங்க வைக்கிறது, இங்க தாலாட்டு உயிரைக் காப்பாத்திக்க குழந்தையோட வாயை அடைக்குது. இதைச் சத்தமா படிக்காதீங்க, முணுமுணுத்துப் படிங்க, ஏன்னு தானா புரியும். நிலம் இந்தக் கவிதையில எப்படி மாறுதுன்னும் பாருங்க, குடியேறிக்கு பயமா இருந்த ராத்திரிக் காடு இவளுக்கு வீடு, போய்ச் சேர முடியாத தூரத்துல இருக்குற வீடு.

ஐசக் நேதன்ங்கற இசைக்காரர் இதுக்கு மெட்டுப் போட்டு 1841ல சிட்னி மேடையில பாட வச்சார், பத்திரிகையில தாக்கி எழுதினாங்க, டன்லப் பின்வாங்காம பதில் எழுதினாங்க. ஹார்ப்பரும் 1853ல இதே படுகொலையை வச்சு ஒரு தாயோட புலம்பலை எழுதினார், நாலு சமாதி எழுதின அதே கை. ரெண்டையும் அடுத்தடுத்து படிங்க, என் மனசு டன்லப்போடதுல நிக்குது, அதுல அவசரம் இருக்கு, ரத்தம் காயறதுக்குள்ள எழுதினது.

படி 8: கெண்டலோட காது

ஹென்றி கெண்டல், 1839ல இருந்து 1882 வரைக்கும் வாழ்ந்தவர், ஹார்ப்பரைக் குருவா நினைச்சவர். ‘பெல்-பேர்ட்ஸ்’ கவிதையை அர்த்தம் புரியலன்னாலும் சத்தமா படிங்க, மணி அடிக்கிற மாதிரி கத்துற குருவி, பள்ளத்தாக்குல விழுற ஓடை, வரி அப்படியே தண்ணி மாதிரி உருண்டு போகும். ஹார்ப்பர் கண்ணால எழுதினார்னா இவர் காதால எழுதினார். தன் குழந்தைக்கு அராலூயன்னு பேர் வச்சார், அது பச்சைக்குழந்தையாவே போயிடுச்சு, அந்தப் பேர்ல ஒரு கவிதை இருக்கு.

‘தி லாஸ்ட் ஆஃப் ஹிஸ் ட்ரைப்’ படிக்கும்போது மட்டும் உஷாரா இருங்க. முழங்கால்ல முகம் புதைச்சு உக்காந்திருக்கிற கடைசி ஆதிவாசின்னு உருக்கமா எழுதியிருப்பார், நெஞ்சைப் பிசையும். ஆனா அந்த மக்கள் அழிஞ்சு போகல, இன்னைக்கும் இருக்காங்க, மையால் கிரீக்ல செத்தவங்களோட சந்ததியும் கொன்னவங்களோட சந்ததியும் சேர்ந்து நின்னு 2000ல நினைவுச்சின்னம் திறந்தாங்க. கண்ணீர் விடறதும் சில நேரம் கண்ணைத் திருப்பிக்கிற ஒரு வழிதான், யாரும் மிச்சம் இல்லன்னா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல பாருங்க.

படி 9: எந்தப் பிரதியைப் படிக்கிறது

இது போரடிக்கிற விஷயம்னு விட்டுடாதீங்க. ஹார்ப்பர் ஒரு கவிதையை எழுதி முடிச்சதா நினைச்சதே இல்ல, இருபது முப்பது வருஷம் திருத்திக்கிட்டே இருப்பார், அதனால ஒரே தலைப்புல வேற வேற கவிதை கிடைக்கும். அவர் செத்த பிறகு 1883ல வந்த தொகுப்புல எடிட்டர் தாராளமா வெட்டி மாத்திட்டார், அவரோட காரமான அரசியல் எல்லாம் அதுல மழுங்கிப் போச்சு. பழைய தொகுப்பு பலதும் அதைப் பார்த்து எடுத்ததுதான். அதனால எங்க படிச்சாலும் இது எந்த வருஷத்துப் பிரதின்னு ஒரு பார்வை பார்த்துடுங்க, ஹார்ப்பரோட எல்லாப் பிரதிகளையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் காட்டுற சார்ல்ஸ் ஹார்ப்பர் கிரிட்டிகல் ஆர்கைவ் இலவசமாவே இருக்கு.

பத்திரிகையில முதல்ல வந்த வடிவம் வேணும்னா ட்ரோவ், ஆஸ்திரேலியாவோட தேசிய நூலகம் நடத்துறது, காசு கிடையாது, இங்க இருந்தே பார்க்கலாம். செய்தித்தாள் பகுதிக்குப் போய் கவிதைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, வருஷத்தைக் குறுக்கிக்கோங்க. பக்கத்துல வர்ற டைப் பண்ணின எழுத்தை அப்படியே நம்பாதீங்க, மெஷின் பழைய அச்சைத் தப்பா படிச்சிருக்கும், படத்தைப் பெருசாக்கிப் பார்த்துப் படிங்க, தப்பை நீங்களே திருத்தவும் வழி இருக்கு. முக்கியமா கவிதையை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க, அதே பக்கத்துல ஆட்டு ரோம விலை, கப்பல் வந்த நேரம், நில ஏலம், ஓடிப்போன கைதியோட அடையாளம் எல்லாம் இருக்கும், அந்த நெரிசலுக்கு நடுவுலதான் இந்தக் கவிதை முதல்ல மூச்சு விட்டுச்சு.

படி 10: நண்பகலுக்குத் திரும்பி வாங்க

இதெல்லாம் முடிஞ்ச பிறகு நோட்டை எடுத்துட்டு அந்தக் கோடை நண்பகல் கவிதையை மறுபடி படிங்க. குளவி அதே அழகுல இருக்கும், சில்வண்டு அதே மாதிரி வாயை மூடியிருக்கும், அந்த அழகுல ஒரு பொட்டு கூட குறையாது. ஹார்ப்பர் வளர்ந்த ஹாக்ஸ்பரி தருக் மக்களோட ஆறு, அவர் விவசாயம் பார்த்த ஹண்டர் வொன்னருவா மக்களோட பள்ளத்தாக்கு. யாரு இல்லவே இல்லன்னு இடம் விட்டு வச்சீங்களே, அங்க இந்தப் பேர்களை எழுதுங்க.

எழுதிட்டு கடைசியா ஒரு சின்னப் பாட்டைத் தேடிப் படிங்க. டன்லப்போட வீட்டுக்காரர் வொலம்பைங்கற ஊர்ல மேஜிஸ்ட்ரேட்டா இருந்தார், அவங்க அங்க இருந்த ஆதிவாசி மக்கள்கிட்ட உக்காந்து வார்த்தைகளையும் பாட்டுகளையும் கேட்டு எழுதி வச்சாங்க. வுல்லதின்னு ஒரு பாட்டுக்காரர் கட்டின பாட்டை அந்த மக்களோட மொழியிலயே எழுதி, கூடவே தன் இங்கிலீஷ் வடிவத்தையும் வச்சு 1848ல சிட்னி மார்னிங் ஹெரால்ட்ல போட்டாங்க. அந்த இங்கிலீஷ் வடிவத்தோட முதல் ரெண்டு வரி சொல்றது இதுதான்: மேல மலையோட மலை சேருற இடத்துல இருக்குற பாறைக்குகை, அதுதான் எங்க வீடு.